அத்தியாயம் 7: காலில்லாத செடி ஊர் மாறுவது எப்படி?

ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு விதை பரவுதலைச் சொல்லித்தர நினைக்கும் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பெற்றோர்களுக்காக இந்த அத்தியாயம். காற்று, நீர், விலங்கு, வெடித்தல் என்று நான்கு கட்டம் போட்ட அட்டையைச் சுவரில் மாட்டி ஒப்பிக்கவைப்பது பத்து நிமிட வேலை. அதில் பிள்ளைக்கு நான்கு சொற்கள் கிடைக்கும், அவ்வளவுதான். இங்கே நாம் எதிர்த்திசையில் போகிறோம். விதையைக் கையில் கொடுக்கிறோம், "இது எப்படிப் போயிருக்கும்?" என்று கேட்கிறோம், பிள்ளை சொன்ன பதிலைப் பிள்ளையே சோதித்துப் பார்க்கும்வரை பொறுமையாக இருக்கிறோம். பெயர்கள் கடைசியில் வரட்டும்.

கேள்வியை முதலில் நடுங்கள்

1. பள்ளியைச் சுற்றி ஒரு நடை நடந்து, யாரும் நடாமல் தானே முளைத்த கன்று ஒன்றை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். சுவர் வெடிப்பில் அரசு, தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஆல், மின்கம்பத்தடியில் வேம்பு என்று ஏதாவது ஒன்று நிச்சயம் அகப்படும். கோயில் பக்கத்தில் இருந்தால் கோபுரத்தைப் பாருங்கள்.
2. பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய், "இதை இங்க யாரு வெச்சது?" என்று மட்டும் கேளுங்கள்.
3. வரும் பதில்களையெல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள். "சாமி வெச்சது", "காத்துல வந்துச்சு", "காக்கா போட்டுச்சு" எதையும் அழிக்க வேண்டாம், எதையும் பாராட்டவும் வேண்டாம். பாராட்டினால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கோட்பாடு இவ்வளவு போதும்: தாய் மரத்தடியிலேயே எல்லா விதையும் விழுந்து முளைத்தால், கன்றுகளுக்கு வெயிலும் தண்ணீரும் இடமும் பற்றாது. மரம் நடக்காது. ஆகவே விதை போக வேண்டும். இதையும் நீங்களாகச் சொல்லாதீர்கள். ஒரு சிறு தொட்டியில் கைப்பிடி வெந்தயத்தை நெருக்கமாகவும், இன்னொன்றில் நான்கைந்தை மட்டும் தள்ளித் தள்ளியும் விதைத்து இரண்டு வாரம் விட்டால் தொட்டியே சொல்லிவிடும்.

எந்த மாதம் எது?

காலம் தப்பினால் இந்தப் பாடம் எடுபடாது. பச்சைக் காயை வைத்துக்கொண்டு வெடிப்பைக் காட்ட முடியாது. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஒட்டும் விதைகளுக்கு மழை முடிந்த மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. அப்போது நாயுருவியும் ஒட்டுப்புல்லும் முற்றிக் காய்ந்திருக்கும். பட்டாசுக்காயும் மழையை ஒட்டித்தான் நிறைய. இலவங்காய் கோடையில் வெடிக்கும். வேப்பம்பழம் ஆனி, ஆடியில். முருங்கை நெற்றும் வெட்டுக்காயப் பூண்டும் ஏறக்குறைய ஆண்டு முழுதும் கிடைக்கும். அவசரத்துக்கு இந்த இரண்டையும் நம்பலாம்.

வெட்டுக்காயப் பூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்திலிருந்து எடுத்த பயிற்சித்தாள்களில் டேன்டேலியன் பூவைக் குழந்தை ஊதுவதுபோல் படம் இருக்கும். மலையூர்களைத் தவிர நம் பிள்ளைகள் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். அதே வேலையைச் செய்யும் செடி நம் பள்ளி வாசலிலேயே நிற்கிறது. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவுமாக, நீண்ட ஒற்றைக் காம்பில் பூக்கும் வெட்டுக்காயப் பூண்டு, சில ஊர்களில் தாத்தாப் பூச்செடி. பூ காய்ந்தபின் பஞ்சுருண்டையாக மாறும். ஊதினால் ஒவ்வொரு விதையும் குடை விரித்துப் போகும். பால் கிடையாது, முள் கிடையாது. சிறு பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பறக்கும் விதை நம்மூரில் இல்லை என்பேன்.

கையில் எடுக்கும் முன்: பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். விதைகளில் சில உயிரைக் குடிப்பவை.

*வகுப்புக்குள் வரவே கூடாதவை:* குன்றிமணி, ஆமணக்கு, காட்டாமணக்கு, ஊமத்தை, மருளூமத்தை, அரளி, பொன்னரளி. குன்றிமணியை வைத்துப் பல்லாங்குழி ஆடிய வீடுகள் உண்டு. ஆனால் அதன் கெட்டித் தோல் உடைந்தாலோ, மென்றாலோ, மாலை கோக்கத் துளையிட்டாலோ உள்ளிருக்கும் நஞ்சு வெளியே வரும். "எங்க பாட்டி வெச்சிருக்காங்க" என்று பிள்ளை எடுத்துவந்தால் அன்போடு வாங்கிப் பொட்டலம் கட்டி, வீட்டாரிடமே விவரம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

*எருக்கு:* அழகான விதைதான். ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் விழியைப் புண்ணாக்கும். வேண்டுமென்றால் செடியிலேயே காய்ந்து வெடித்த காயை, பெரியவர் ஒருவர் கையுறை போட்டுப் பறித்து, பஞ்சை மட்டும் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் காட்டலாம். பால் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்கவிடாமல், சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.

*மூக்கும் காதும்:* ஐந்து வயதுப் பிள்ளை கையில் பயறு கொடுத்தால் அது மூக்குக்குள் போவதற்கு நேரமாகாது. போய்விட்டால் ஹேர்பின்னால் நோண்டாதீர்கள், தண்ணீரும் விடாதீர்கள். ஈரம் பட்டால் பயறு ஊதிப்போய் இன்னும் இறுகிக்கொள்ளும். மருத்துவரே எடுக்கட்டும்.

*வாய்க்குள் போனால்:* நச்சு விதையை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், நேரே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். அந்த விதையிலோ செடியிலோ கொஞ்சம் கையோடு கொண்டுபோங்கள்.

*புதர் ஓரம்:* செருப்போ ஷூவோ இல்லாமல் யாரும் வரக்கூடாது. நீங்கள் முன்னால் போய், குச்சியால் தட்டிப் பார்த்தபிறகே பிள்ளைகள் வரட்டும். பார்த்தீனியம் மண்டிய இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும்.

பயிற்சி 1: துண்டு நடை

ஒட்டிக்கொள்ளும் விதைகளுக்கான பயிற்சி. தொடக்கத்துக்கு இதுவே நல்லது, ஏனென்றால் தோற்றுப்போக வாய்ப்பே இல்லை.

தேவை: பழைய டர்க்கித் துண்டுகள், முட்டை அட்டை, கிடைத்தால் ஒரு உருப்பெருக்கி.

1. நான்கு பேருக்கு ஒரு துண்டு கொடுங்கள். இருவர் துண்டின் முனைகளைப் பிடித்துப் புல்மேல் இழுத்துக்கொண்டு நடக்க, மற்ற இருவர் எங்கே எது ஒட்டியது என்று பார்க்கட்டும்.
2. விளையாட்டுத் திடலின் ஓரம், வேலியோரம் என்று இரண்டு இடங்களில் பத்துப் பத்து நிமிடம்.
3. வகுப்புக்குத் திரும்பித் துண்டைத் தரையில் விரித்து, ஒட்டியதை ஒவ்வொன்றாகப் பிய்த்து முட்டை அட்டையின் குழிகளில் போடச் சொல்லுங்கள். ஒரேமாதிரி இருப்பவை ஒரே குழியில்.
4. "எது பிய்க்கக் கஷ்டமா இருந்துச்சு? ஏன்?" இதுதான் பாடத்தின் மையக் கேள்வி.

நாயுருவி கிடைத்தால் அங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட கதிர் ஒன்றை ஒடித்து, நுனியிலிருந்து அடிப்பக்கமாக விரலை ஓட்டுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். இனி அடியிலிருந்து நுனிக்கு ஓட்டினால் சுருக்சுருக்கென்று குத்தும், விதைகள் விரலோடு வந்துவிடும். எல்லா முனையும் கீழ்நோக்கி நிற்பதுதான் காரணம். முதலில் நீங்கள் செய்து காட்டி, பிறகு விருப்பப்படும் பிள்ளையை மெதுவாகச் செய்யவிடுங்கள். "ஆடு இது பக்கத்துல உரசிக்கிட்டுப் போனா?" என்று கேட்டால் பதில் அவர்களிடமிருந்தே வரும்.

அப்போதே யாராவது ஒரு பிள்ளையின் ஷூவில் பர்ரென்று பிரியும் ஒட்டுப்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தன் உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிய காய்களை நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றின் கொக்கிகளைக் கண்டு செய்ததுதான் அது. 1955-இல் காப்புரிமை பெற்றார். பட்டையின் சொரசொரப்பான பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் கொக்கிகள் தெரியும். துண்டில் ஒட்டிய காய்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதற்குக் கொக்கி, எதற்கு வெறும் முள் என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்வார்கள்.

குறிப்பு: நெருஞ்சியைப் பிள்ளைகள் கையில் தர வேண்டாம். தேய்ந்த ரப்பர் செருப்பொன்றின் அடியில் குத்திக்கொண்ட நெருஞ்சியைக் காட்டினாலே போதும்.

பயிற்சி 2: இறகை வெட்டிப் பார்

முருங்கைக்காய் தெரியாத பிள்ளை இல்லை. ஆனால் மரத்திலேயே காய்ந்த நெற்றைப் பிளந்து பார்த்தவர்கள் குறைவு. உள்ளே பழுப்பு நிற உருண்டை, அதைச் சுற்றி மெல்லிய தாள்போல் மூன்று வெள்ளை இறகுகள். சாம்பாரில் கடித்த அதே விதைதான் இது என்று தெரியவரும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

1. ஒரே அளவிலான இரண்டு விதைகளை எடுங்கள். ஒன்றின் இறகுகளை நகத்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள்.
2. "எது முதல்ல தரையில விழும்?" கை தூக்கவைத்து எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.
3. நீங்கள் ஒரு உறுதியான பெஞ்சின்மேல் நின்று, கையை உயர்த்தி, இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். பிள்ளைகள் ஏறக் கூடாது.
4. ஐந்து தடவையாவது திரும்பச் செய்யுங்கள். ஒருமுறை மாறி விழுந்தால், "டீச்சர், தப்பு!" என்பார்கள். "அப்ப இன்னொரு தடவை பார்ப்போம்" என்பதுதான் உங்கள் பதில்.
5. பிறகு மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, எது தள்ளிப்போய் விழுகிறது என்று சாக்பீஸால் தரையில் குறியுங்கள்.

உயரம் குறைந்தால் வித்தியாசம் தெரியாது. மேசை உயரத்திலிருந்து போட்டுவிட்டு "ரெண்டும் ஒண்ணாத்தான் விழுது" என்று கைவிடுவது இந்தப் பயிற்சியில் அடிக்கடி நடக்கிற தவறு. மகாகனி மரம் பக்கத்தில் இருந்தால் அதன் நெட்டை விதையைப் பயன்படுத்துங்கள். அது சுழன்று சுழன்று இறங்குவதைக் கடைசி வரிசைப் பிள்ளையும் பார்க்கலாம். கோடையென்றால் இலவங்காய் ஒன்றைத் திடலில் பிரிக்கலாம். வகுப்பறைக்குள் வேண்டாம், பஞ்சு பறந்தால் வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. மணல்மேட்டில் வளரும் இராவணன் மீசை என்ற புல்லின் முள்ளுருண்டை முற்றியதும் கழன்று, காற்றில் மணல்மேல் உருண்டே போகும். அதற்குப் பின்னால் ஓடாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. முனைகள் கூரானவை என்பதால் துரத்தலாம், பிடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவையுங்கள்.

பயிற்சி 3: பட்டாசுக்காய்

ஊதாப்பூ பூக்கும் அந்தச் சிறு செடி வாய்க்கால் ஓரத்திலும் பள்ளி மதிலடியிலும் தானே வளரும். வெடிக்காய் என்றும் சொல்வார்கள். பழுப்பாகக் காய்ந்த முழுக் காய்கள்தான் வேண்டும். நுனி பிளந்தவை ஏற்கெனவே வெடித்தவை.

1. தட்டையான தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பெரிய செய்தித்தாளின் நடுவில் வையுங்கள்.
2. பிள்ளைகள் இரண்டு கை தூரம் தள்ளி உட்காரட்டும்.
3. நான்கு காய்களைத் தண்ணீரில் போட்டுவிட்டு, எல்லாரும் சேர்ந்து மெதுவாக எண்ணுங்கள். சில காய்கள் உடனே, சில கொஞ்சம் தாமதித்து, டப்பென்று வெடிக்கும்.
4. விதை விழுந்த இடத்தையெல்லாம் தாளில் வட்டமிட்டு, நூலால் தூரம் அளக்கவையுங்கள்.
5. நனைந்த ஒரு விதையை விரலில் எடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிசுபிசுவென்று இருக்கும்.

ஐந்தாவது படியை விட்டுவிடாதீர்கள். வெடித்துப் போன விதை அங்கேயே நிற்பதில்லை. அந்தப் பிசுபிசுப்பால் மண்ணிலும் காலிலும் ஒட்டிக்கொண்டு மேலும் போகிறது. ஒரு விதைக்கு ஒரு வழி என்று அட்டை சொல்வது பொய்யாகிவிடும் இடம் இது.

பிள்ளைகள் காயை எச்சிலில் நனைத்து அடுத்தவர் கழுத்தில் போடுவது வழக்கம். முகத்தருகே கொண்டுபோனால் விதை கண்ணில் தெறிக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இந்தச் செடி கிடைக்காவிட்டால் காசித்தும்பை இருக்கிறது. உப்பி வெளிறிய காயின் நுனியை லேசாக அழுத்தினால் ஐந்து பிளவாகச் சுருண்டு சிதறும். ஒரு பிள்ளைக்கு ஒரு காய் என்று பங்கு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் ஆளே எல்லாவற்றையும் வெடித்துவிடுவார்.

பயிற்சி 4: பேசின் கடல்

குளத்துக்கோ கிணற்றடிக்கோ பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். அகலமான பேசின் ஒன்று போதும். அதையும் ஒரு பெரியவர் பார்வையில் வைத்து, முடிந்ததும் கொட்டிவிடுங்கள்.

புங்கங்காய், தேங்காய் மட்டைத் துண்டு, உடைந்த சிரட்டைச் சில்லு, புளியங்கொட்டை, மொச்சை ஆகியவற்றை வரிசையாக வைத்து, மிதக்குமா மூழ்குமா என்று முதலில் ஊகம் சொல்லவைத்து, பிறகு போடுங்கள். மட்டை மிதக்கும், சிரட்டைச் சில்லு மூழ்கும். தேங்காய்க்கு அந்த நார்ச்சட்டை எதற்கு என்பது அப்போதே விளங்கிவிடும்.

விவசாய வீட்டுப் பிள்ளை ஒன்று இந்த இடத்தில் உங்களை மடக்கும்: "மிதந்தா சொத்தை விதை, எங்கப்பா தூக்கிப் போட்டுருவாரு." சரிதான். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு மிதக்கும் பதரை நீக்கும் வழக்கத்தைச் சொல்கிறது அது. மறுக்காமல், மட்டையைப் பிளந்து காட்டுங்கள். நெல் மிதந்தால் உள்ளே ஒன்றுமில்லை. தேங்காய் மிதந்தால் உள்ளே பருப்பு நிறைந்திருக்கிறது, தூக்கிச் சுமப்பது வெளியே உள்ள மட்டை. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னால் அன்றைய வகுப்பை அங்கேயே முடித்துவிடலாம்.

பொள்ளாச்சிப் பிள்ளை, "எங்க தென்னை மிதந்து வரலை, தாத்தா நட்டாரு" என்றால் அதுவும் சரி. விதையைச் சுமப்பவர்கள் பட்டியலில் மனிதரையும் எழுதுங்கள்.

பயிற்சி 5: நீதான் மைனா

தின்று பரப்புவதை நேரில் காட்டுவது கடினம். எச்சத்தைக் கிளறவைப்பது கூடவே கூடாது. அதற்குப் பதிலாக, கை கழுவிவிட்டு, உட்கார்ந்த நிலையில் பழம் தின்னவையுங்கள். ஆறு வயதுக்கு மேல் நாவற்பழம், அதற்குக் கீழே பப்பாளித் துண்டு விதையோடு. கொட்டையைத் துப்பவும், விதையை எடுத்துப்போடவும் முற்றத்தின் நான்கு மூலையில் தேங்காய்ச் சிரட்டைகள். நடக்கும்போதும் ஓடும்போதும் வாயில் பழம் இருக்கக்கூடாது. தின்று முடித்துக் கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் "பறக்க" வேண்டும்.

பிறகு மின்கம்பிக்குக் கீழே, வேலிக்கல்லுக்கு அடியில், பெரிய மரத்தடியில் உள்ள கன்றுகளைத் தேடச் சொல்லுங்கள். பறவை உட்காரும் இடமும் கன்று முளைத்த இடமும் ஒன்றாக இருப்பதை ஒரு பிள்ளை கவனித்துவிட்டால் மற்றவர்களுக்கு அதுவே சொல்லிவிடும். ஆடு வளர்க்கும் ஊரில், கருவேலங்காயைத் தின்ற ஆடு இரவில் பட்டியில் அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடுவதை மேய்ப்பவர் ஒருவரை அழைத்துச் சொல்லவையுங்கள். நம்மைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

கவனிக்க வேண்டிய தவறுகள்

மகரந்தச் சேர்க்கையோடு குழப்பம் வரும். "தேனீ விதையைத் தூக்கிட்டுப் போகும்" என்று யாராவது சொன்னால், பூவையும் நெற்றையும் இரண்டு கையில் வைத்து, "தேனீ எதுக்கு வரும்?" என்று கேளுங்கள். பேச்சு வேண்டாம்.

விதைப்பந்து உருட்டும் நிகழ்ச்சியை இந்தப் பாடத்தின் முடிவாக வைக்காதீர்கள். உருட்டுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், படமும் நன்றாக வரும். ஆனால் விதை தானே போகத் தெரிந்தது என்று கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, நாம் எறிந்தால்தான் போகும் என்ற எண்ணம் பதிந்துவிடும்.

புரிந்ததா என்று பார்க்க

ஒவ்வொருவருக்கும் ஒரு மொச்சை, கூடவே பஞ்சு, தாள், நூல், தெர்மாகோல் துண்டு, பசை. "இந்த மொச்சை உன் இடத்தை விட்டு ஒரு அடி தள்ளிப் போகணும். கையால தள்ளக் கூடாது." அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். தாள் இறகு கட்டியவரும், தெர்மாகோலில் மிதக்கவிட்டவரும், ஒட்டும்படி பசை தடவிப் பக்கத்துப் பிள்ளையின் சட்டையில் ஏற்றிவிட்டவரும் இருப்பார்கள். இப்போது கரும்பலகையில் காற்று, நீர், விலங்கு, வெடிப்பு என்று எழுதி, அவரவர் விதையை எந்தப் பெயரின்கீழ் வைப்பது என்று அவர்களே சொல்லட்டும். இரண்டு பெயருக்கு நடுவில் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் நடுவிலேயே வையுங்கள்.

முடிந்தபின்

துண்டிலிருந்து எடுத்த களைவிதைகளைத் திடலில் கொட்டாதீர்கள். அடுத்த ஆண்டு வகுப்புக்கு வேண்டியதைப் புட்டியில் போட்டு, இடத்தையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவிட்டு, மிச்சத்தைக் குப்பைப் பையில் கட்டி அனுப்புங்கள். பட்டாசுக்காயை ஈரம் படாத டப்பாவில் வைத்தால் மறுபடியும் உதவும். வேப்பங்கொட்டையைச் சேர்த்துவைப்பதில் பயனில்லை, சில வாரங்களிலேயே முளைக்கும் திறன் குறைந்துவிடும். பயிற்சியில் மிஞ்சிய முருங்கை விதைகளை, இறகோடு சிலவும் இறகில்லாமல் சிலவுமாக, அன்றைக்கே தொட்டியில் ஊன்றச் சொல்லுங்கள். இறகு போன விதை முளைக்குமா என்று அடுத்த நாளே யாராவது கேட்பார்கள்.